இடது காதுக்குள் இன்னொரு சுருதி

கடந்த மாரி காலத்தில் மானிப்பாயில் நடந்தது இது. மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த கார்த்திகை மாதம். எங்கள் வட்டாரத்துச் சனசமூக நிலையத்தின் தகரக் கூரை போட்ட மண்டபத்தில் ஒரு நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறவள், வயலின் வாசிப்பேன். நாடகத்துக்கு இசை என்னுடைய பொறுப்பு.

எழுதியவர் தபால் கந்தோரில் வேலை செய்கிற ஓர் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நாடகம் எழுதுகிறவர்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர் அப்படியில்லை. கந்தோரில் முத்திரை வாங்க வருகிற சனம் எப்படிக் கதைக்கிறது, எந்த இடத்தில் சொல்ல வந்ததை விழுங்குகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும்போது அதைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பார். வீதியில் போகிறவர்கள் இந்த மனிசிக்கு விசர் என்று நினைத்திருப்பார்கள். வாயால் சொல்லிச் சரிவராத ஒரு வசனத்தையும் அவர் கடதாசியில் வைத்ததில்லை. ஒத்திகையில் நடிகர்கள் பேசும்போதும் யன்னலோரம் நின்று கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்.

கதை எளிமையானது. ஒரு வேலி, அதன் இரண்டு பக்கமும் இரண்டு சகோதரிகள், இருவருக்கும் பங்கான ஒரு கிணறு. காணிப் பிரச்சினையில் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. கடைசிக் காட்சியில் இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர் அள்ள வந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் அக்கா ஒரு வசனமும் வைக்கவில்லை. முதலில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். ஒவ்வொரு ஒத்திகையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஒரு நாள் மிச்சத்தையும் கிழித்துப் போட்டார்.

"என்ரை கதை முடிஞ்சுது பிள்ளை. இனி நீதான் கதைக்க வேணும்" என்றார் என்னிடம்.

அதாவது அந்தக் காட்சி முழுவதும் வயலின் மட்டும். இளையவள் கப்பியில் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பாள். இசை மேலே ஏறும் இடத்தில் மூத்தவள் வந்து கயிற்றில் கை வைப்பாள். அவ்வளவுதான், திரை.

எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. நடிகர்களின் குரலைக் கேட்காமல் நான் மெட்டுப் போடமாட்டேன். எவருடைய பேச்சுக்கும் அடியில் ஒரு சுருதி இருக்கிறது. வாக்கியம் முடியும்போது குரல் வந்து இளைப்பாறும் இடம் அது. மூத்தவளாக நடித்தவரின் குரல் தணிந்து வந்து நிற்கும் இடத்தை ஷட்ஜமாக, 'ச'வாக வைத்தால், இளையவளின் குரல் கோபத்தில் 'ப'வில் போய் நின்றது. அந்த இரண்டு குரலுக்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் மெட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வயலினை மூத்தவளின் குரலுக்குச் சேர்த்து, நாட்கணக்காகத் தேடி, ஒரு மெட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து அமத்தினார்.

அந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து வந்திருந்த மச்சாளைக் கூட்டிக்கொண்டு கீரிமலைக்குப் போனேன். கேணியில் நன்றாக முழுகினோம். அடுத்த நாள் காலையில் எழும்பும்போது இடது காது அடைத்திருந்தது. உள்ளே ஏதோ இரைச்சல். தூரத்தில் ஒரு மோட்டார் ஓடுவதுபோல. காதுக்குள் தண்ணீர் போயிட்டுது என்று நினைத்தேன். தலையைச் சரித்து ஒற்றைக் காலில் துள்ளினேன். என் வீட்டுக்காரர், "அது தானா வந்திடும், விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன். இப்போதும் என்னை உறுத்துவது அந்த 'விட்டுவிட்டேன்'தான்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒத்திகை. எங்களுடன் புல்லாங்குழல் வாசித்தவர் அளவெட்டிக்காரர். நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்து குழலை எடுத்தவர். இன்னொரு பாடசாலையில் சங்கீத ஆசிரியர். நான் அவரை மாஸ்டர் என்பேன். எனக்கு வலது பக்கத்தில் இருந்து அவர் குழலில் 'ச' பிடித்தார். என் வயலின் அதற்கு மேலே ஏறி நின்றது. பிருடையைத் திருகித் தந்தியைக் கொஞ்சம் இறக்கினேன். இன்னும் ஏறித்தான் நின்றது. இன்னும் இறக்கினேன்.

மாஸ்டர் குழலை வாயிலிருந்து எடுத்தார். "டீச்சர், வயலின் நல்லா இறங்கிப் போச்சு."

"இல்லை மாஸ்டர், இப்பதான் சரியா வருது."

"வடிவாக் கேளுங்கோ. என்ரை குழல் மூங்கில். அது ஏறவோ இறங்கவோ மாட்டுது."

எனக்குக் கோபம் வந்தது. நாள் நெருங்க நெருங்க எல்லாருக்கும் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது. வேறு குழல் எடுங்கோ என்றேன். அவர் இன்னொன்றை எடுத்து ஊதினார். அதே கதை. கடைசியில் அவர் கைபேசியில் சுருதிப் பெட்டியைப் போட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். குழல் அதோடு ஒட்டிக்கொண்டது. வயலின் ஒட்டவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி என் கைபேசியை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனேன். அங்கே சுருதிப் பெட்டியைப் போட்டு வலது காதில் வைத்தேன். 'ச' என்றது. இடது காதில் வைத்தேன். மங்கலாக, தகரத்தைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அது 'ச' இல்லை. அதைவிடக் கொஞ்சம் ஏறிய, எந்த ஸ்வரமும் இல்லாத ஒன்று. திரும்பவும் வலதில் வைத்தேன். திரும்பவும் இடதில். ஒரே பெட்டி, ஒரே சத்தம், என் தலைக்குள் இரண்டாக இருந்தது.

வயலின் வாசிக்கிறவளுக்கு இடது காதுதான் வாத்தியத்துக்குக் கிட்ட இருக்கிற காது. மழைத் தூவானம் முகத்தில் அடிக்க நான் அப்படியே நின்றேன். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. சொன்னால் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியும், காது கேளாத சங்கீத டீச்சரிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் வாசலில் அக்கா நிற்கிறார்.

"காதுக்கு என்ன?" என்றார்.

"ஒண்டுமில்லை அக்கா."

"நீ இண்டைக்கு வந்த நேரம் தொடக்கம் தலையைச் சரிச்சு வலப்பக்கத்தால கேக்கிறாய். 'என்ன, என்ன' எண்டு ரெண்டு தரம் கேட்டிட்டுத்தான் மறுமொழி சொல்லுறாய். நான் சனம் கதைக்கிறதைப் பாக்கிறதிலைதான் சீவிக்கிறன். என்னட்டை மறைக்காதை."

அழுதுவிட்டேன். சொன்னேன். அக்கா உள்ளே போய் மழைக் கோட்டை எடுத்து என் மேல் போட்டார். "ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ஒத்திகை முடியட்டும் அக்கா."

"விசர்க் கதை கதையாதை. ஏறு!"

யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போகிற வீதி முழுக்க வெள்ளம். ஸ்கூட்டியின் பின்னால் இருந்து நான் ஒவ்வொரு சத்தமாகக் காதில் போட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். பஸ் ஹோர்ன், மணி, யாரோ கூப்பிடுவது. எல்லாம் வலது பக்கத்தில் இருந்தே வந்தன. இடது பக்கத்தில் உலகம் இருக்கிறது என்பதே கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு சின்ன அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்தினார்கள். சுவர் முழுக்கப் பஞ்சு. காதில் மாட்டிய கருவியில் மெல்லிய சத்தம் கேட்டால் பொத்தானை அமத்த வேண்டும். வலது காதுக்கு உடனுக்குடன் அமத்தினேன். பிறகு இடது. நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்கிற பெண்ணின் கை அசைவது தெரிகிறது, ஏதோ சத்தம் அனுப்புகிறார் என்று தெரிகிறது, எனக்கு வரவில்லை. மனப்பிராந்தியில் இரண்டு தரம் சும்மா அமத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவு அமைதியான இடத்தில் என் வாழ்க்கையில் நான் இருந்ததில்லை, அவ்வளவு பயந்ததுமில்லை.

டொக்டர் ஒரு பெண். என்னைவிட வயது குறைந்தவர். "அம்மா, உது தண்ணியாலை வந்ததில்லை. உள்காது நரம்பிலை திடீரெண்டு வாற பிரச்சினை. அண்டைக்கே வந்திருக்க வேணும்" என்றார்.

"திரும்பி வருமோ டொக்டர்?"

"சிலருக்கு முழுசா வரும். சிலருக்குக் கொஞ்சம் வரும். வராமலும் விடலாம். மருந்துக் குளிசையை இண்டைக்கே தொடங்குவம். நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?"

சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். அந்த ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்ததில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வெளியே வந்து ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்று, "நாடகத்துக்கு வேறை ஆரையும் பிடியுங்கோ அக்கா" என்றேன். நாடகத்துக்கு ஒரு கிழமை, ஏழே நாள்தான் இருந்தது. அவர் ஸ்கூட்டியின் இருக்கையில் நின்ற தண்ணீரைக் கையால் துடைத்தார். பிறகு, "வேறை ஆக்கள் வேண்டாம். நான் அந்த இடத்திலை வசனம் எழுதிப் போடுறன். நீ குளிசையைப் போட்டுக்கொண்டு படு" என்றார்.

அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று எனக்குத்தான் தெரியும். மாதக்கணக்காக வெட்டி வெட்டி அவர் கொண்டுவந்து சேர்த்த இடம் அது.

சொன்னபடியே எழுதினார். அடுத்த ஒத்திகைக்கு நான் வாத்தியம் இல்லாமல், இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போய் ஒரு கதிரையில் இருந்தேன். நடிகைகள் இருவரும் புது வசனத்தைப் பேசினார்கள். நல்ல வசனம்தான். ஒரு பிழையும் சொல்ல முடியாது. ஆனால் யன்னலோரம் நின்ற அக்காவின் உதடு அசையவில்லை. தான் எழுதியதை அவராலேயே கூடச் சொல்ல முடியவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. பஞ்சு வைத்த பிறகு இடது காதின் பொய்ச் சத்தம் குறைந்திருந்தது. நடிகைகளின் குரல் வலது காதில் தெளிவாக, பழையபடி, அதே 'ச'விலும் 'ப'விலும் வந்து நின்றது. எழுந்து போய் மாஸ்டரிடம் கேட்டேன். "மாஸ்டர், என்ரை வயலினை நீங்கள் சுருதி சேர்த்துத் தருவீங்களோ?"

வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குத்தான் மற்றவர்கள் சுருதி சேர்த்துக் கொடுப்பார்கள். போன ஒத்திகையில் அவருடைய குழலைப் பிழை சொன்னவளும் நான்தான். அவர் அதை ஞாபகப்படுத்தவில்லை. "தாங்கோ டீச்சர்" என்று வாங்கி, நிலத்தில் இருந்துகொண்டு நிதானமாகப் பிருடை திருகினார்.

நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். நான் மேடையின் மற்றப் பக்கம் மாறி இருப்பது, வலது காது மேடையைப் பார்த்தபடி. மாஸ்டர் எனக்கு வலது பக்கத்தில் நெருங்கி இருந்து, கடைசிக் காட்சி முழுக்கக் குழலில் மெல்லிய 'ச' ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருப்பது. அந்தச் சத்தத்தைக் கைத்தடியாகப் பிடித்துக்கொண்டு நான் வாசிப்பது. ஒத்திகையில் சரிவந்தது. அக்கா புது வசனத்தைக் கிழித்தார். கிழிக்கும்போது, "ஏலாட்டி இப்பவே சொல்லு" என்று மட்டும் கேட்டார். ஏலும், வாசிப்பேன் என்றேன். உள்ளுக்குள் எனக்கு நிச்சயமில்லை. குளிசை தொடங்கியும் காதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

நாடகம் நடந்த பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலிலும் குடையோடு சனம் நின்றது. முதல் காட்சிகள் நன்றாகப் போயின. நானும் மாஸ்டரும் சின்னச் சின்ன இடங்களில் வாசித்தோம்.

கடைசிக் காட்சி தொடங்கி இளையவள் வாளியோடு கிணற்றடிக்கு வர, மழை கொட்டத் தொடங்கியது. தூறலாக வந்து பெருக்கவில்லை, ஒரேயடியாகத் தகரத்தில் இறங்கியது. எனக்கிருந்த ஒரு காதுக்குள்ளும் அந்தச் சத்தம் மட்டுமே நிறைந்தது. ஒலிபெருக்கிகள் சனத்தைப் பார்த்து நின்றன, எங்களுக்கு அதனால் பயனில்லை. மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயில் குழல் இருந்தது, கன்னம் அசைந்தது, ஊதுகிறார் என்று தெரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பஞ்சுச் சுவர் அறைக்குள் திரும்பவும் போய் இருந்துவிட்டதுபோல் இருந்தது.

இளையவள் கயிற்றைப் பிடித்துவிட்டாள். வயலின் தொடங்க வேண்டும். மெட்டில் விரல் வைத்தால், விரல் ஒரு நூலளவு தவறினாலும் எனக்குத் தெரியாது, சனத்துக்குத் தெரியும். இளையவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். யன்னலோரம் அக்கா நிற்பதும் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வயலினின் நாலு தந்தியும் 'ச'வும் 'ப'வுமாகத்தான் சேர்க்கப்பட்டிருக்கும். அதைச் சேர்த்தவர் மாஸ்டர். விரலே வைக்காமல் வில்லைப் போட்டால் அதில் பிழை வராது. வில்லை எடுத்து வெறுந்தந்தியில் இழுத்தேன். 'ச'. நீளமாக ஒரு 'ச'. பிறகு பக்கத்துத் தந்தியில் 'ப'. திரும்ப 'ச'. வயலின் பழக வருகிற பிள்ளை முதல் நாள் வாசிப்பது அதைத்தான். நான் பாடுபட்டுப் போட்ட மெட்டில் ஒரு துளிகூட வாசிக்கவில்லை.

மெட்டு ஏறினால்தானே மூத்தவள் கயிற்றில் கை வைக்க வேண்டும்? மெட்டே இல்லை. அவள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றாள். இளையவள் இழுத்துக்கொண்டிருந்தாள், பிறகு அவளும் பாதியில் நிறுத்திவிட்டாள். வாளி அந்தரத்தில் தொங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல், உண்மையாகவே தெரியாமல் நின்றார்கள். என் வில் போய் வந்துகொண்டிருந்தது. சனம் இருமல் சத்தம்கூட இல்லாமல் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு மழை மட்டும்தான்.

எவ்வளவு நேரமோ தெரியாது. இளையவளின் கை களைத்துக் கயிறு கொஞ்சம் வழுகியது. வாளி கீழே இறங்கியது. மூத்தவள் பதறிப் பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். அது நடிப்பில்லை. பிடித்த பிறகு விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். திரை விழுந்தது.

நான் வில்லை மடியில் வைத்துவிட்டு மாஸ்டரின் சட்டைக் கையைப் பிடித்தேன். "மாஸ்டர், சரியா நிண்டதோ?"

அவர் என் வலது காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னார். "நிண்டது டீச்சர். ஒரு இடமும் அசையேல்லை."

அக்கா ஓடிவந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "என்னடி செய்தனி? நான் உள்ளுக்குச் செத்துப்போனன்!" என்று என் தோளில் ஒரு அடி போட்டார். அடித்த கையாலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தக் காட்சியைப் பற்றி எல்லாரும் நல்லதாகச் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் மச்சாள், "கடைசியிலை வயலின் கொஞ்சம் காணாது, இன்னும் வாசிச்சிருக்கலாம்" என்றார். அக்காவோ அடுத்த முறை மேடையேற்றியபோது அதை அப்படியே வைத்துக்கொண்டார். மெட்டு வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான், பொய் சொல்வானேன்.

காது முழுதாகத் திரும்பவில்லை. தை பிறக்கும்போது பாதிக்கு மேல் வந்திருந்தது. இரண்டு காதும் இப்போது ஒரே 'ச'வைத்தான் சொல்கின்றன. மெல்லிய மேல் ஸ்வரங்கள் மட்டும் இடது பக்கம் மங்கல், அந்த மோட்டார் சத்தமும் தூரத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதிபருக்கு நானே சொன்னேன். ஒருவரும் பிள்ளைகளை மறிக்கவில்லை. இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காது திடீரென்று அடைத்தால் தண்ணீர் என்று நினைத்து என்னைப்போல் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டொக்டரிடம் போங்கள்.

சுருதி என்பது என் காதுக்குள் இருக்கிற என்னுடைய சொத்து என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போது எந்த மேடையில் இருந்தாலும், வில்லைப் போடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் "சரியோ?" என்று கேட்கிறேன், அவர் சொல்கிற மறுமொழியை நம்பித்தான் வாசிக்கத் தொடங்குகிறேன்.